எனக்கென்று வைத்திருந்த முக்கோணம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை அண்ணன் ஒரு புதிர் போட்டிருந்தான். “பக்கங்கள் அடுத்தடுத்த முழு எண்கள். பரப்பளவும் முழு எண். 13, 14, 15க்கு அடுத்த முக்கோணம் எது?” படித்ததும் ஆணிப்பெட்டி அட்டையின் துரு வாடை மூக்கில் ஏறியது.

சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு இரும்புக்கடை. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் இதே புதிரைப் போட்டு, 3, 4, 5க்கு அடுத்தது எது என்று கேட்டிருந்தார்கள். காலி ஆணிப்பெட்டிகளை வெட்டி இரண்டு செங்கோண முக்கோணங்கள் செய்தேன். இரண்டுக்கும் உயரம் பன்னிரண்டு; ஒன்றின் அடி ஐந்து, மற்றதன் அடி ஒன்பது. சேர்த்து ஒட்டினால் 13, 14, 15. பரப்பளவு எண்பத்துநான்கு. அண்ணன் அப்போது தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

விடை எழுதிய தபால் அட்டையில் என் பெயரைப் பார்த்ததும் அப்பா பேனாவை வாங்கினார்.

“வயசுக்கு வந்த பிள்ளைக்க பேரு பேப்பர்ல வரண்டாம் மக்கா. அண்ணனுக்க பேரு போதும்.”

அடித்துவிட்டு எழுதினார். அது அச்சிலும் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் கணக்குப்புலி அவன்தான். அவன் இன்ஜினியரிங் போனான். நான் தையல் வகுப்புக்குப் போனேன்.

அதற்கு அடுத்த முக்கோணத்தையும் அந்த வாரமே கண்டுபிடித்திருந்தேன். இதையாவது யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயைத் திறக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, இன்றுதான் தட்டினேன்: “51, 52, 53. பரப்பளவு 1170.”

அண்ணனின் பதில் உடனே வந்தது.

“கரெக்டு கேட்டியா! உனக்க மகன் சொல்லித் தந்தானா?”