இடக்கைப் பந்தி

பத்திரிகைக்குப் படம் போடுகிறவனுக்குக் கதை எழுதியவரும் எஜமான், அதைப் படிக்காமல் புரட்டுகிறவரும் எஜமான். இந்தத் தொழிலில் அடிபட்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரங்கூனை விட்டு வந்து, நாற்பத்தெட்டு வயதில் உட்கார்ந்து யோசித்தால், அடி எங்கே விழுந்தது என்பது நன்றாகவே தெரிகிறது.

முதல் விருந்து

ரங்கூன் மொகல் தெருவில் ஒரு மாடியில் எங்கள் தமிழ் மாதப் பத்திரிகை. நான் மரக்கட்டையில் வரைவேன். கோ பா என்ற பர்மாக்காரர் என் கோட்டின் மேலேயே செதுக்குவார். கட்டையில் இடம் வலமாகத் திருப்பி வரைந்தால்தான் அச்சில் நேராக விழும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் படம் கல்யாணப் பந்தி. இதழ் வந்தது, மாப்பிள்ளை முதல் சம்பந்தி வரை அத்தனை பேரும் இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருச் செட்டியார் இதழும் கையுமாக மாடியேறி வந்தார்.

“நல்ல விருந்து தம்பி. எனக்கு மட்டும் இலை போட்றாதீக!”

அழுத கண்

அதன்பின் எதையும் திருப்பியே வரைந்தேன். ராஜகுமாரி ஒருத்தி காதலனை எண்ணி அழும் படம் பிரமாதமாக அமைந்தது. அடுத்த மாதம் அதே கட்டை தலைவலித் தைல விளம்பரத்தில்! படத்தின் கீழே என் பெயராவது இருக்கட்டும் என்று ஆசிரியரிடம் கேட்டேன். காரணம் இருந்தது. இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த அப்பா, “தீபாவளிக்குள்ள உன் பேரை அச்சுல காட்டு, இல்லாட்டி பட்டறைக்கு வந்துடு” என்று கெடு வைத்திருந்தார். ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அழுத கண்ணு அழுத கண்ணுதானே வேலு? காதலனுக்கு அழுதா என்ன, தலைவலிக்கு அழுதா என்ன? பேரு எதுக்கு?”

கையெழுத்து

கெஞ்சிக் கெஞ்சித் தீபாவளி மலரில் அனுமதி வாங்கினேன். மறுபடியும் ஒரு பந்திக் காட்சி. இலை, கை, பாயசக் கிண்ணம் எல்லாவற்றையும் கவனமாகத் திருப்பி வரைந்தேன். கடைசியில் மூலையில் பெயர். இங்கிலீஷ் அப்பாவுக்குப் படிக்க வராது என்று தமிழில், ஆசை ஆசையாக, ‘வேலு’ என்று போட்டேன். பெயரை மட்டும் நேராகப் போட்டுவிட்டேன் என்பது மலர் அச்சாகிக் கடைகளுக்குப் போன பிறகே தெரிந்தது. திரும்பி விழுந்த ‘வேலு’, வட்டமும் சுழியுமாக அசல் பர்மிய எழுத்தைப் போலவே இருந்தது. போட்டாதாங் துறைமுகத்துத் தமிழ்க் குமாஸ்தா ஒருவர் ஆபீசுக்கே வந்து பாராட்டினார்.

“நம்ம பந்தியை இவ்வளவு கச்சிதமாப் போட்டிருக்காரே, யாருங்க அந்த பர்மாக்காரர்?”

சவரக் கண்ணாடி

இன்சீனுக்கு ரயிலேறினேன். அப்பா மலரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். “உன் பேரு எங்கடா?” என்றார். நான் அவருடைய சவரக் கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு எதிரே நீட்டினேன். கண்ணாடிக்குள் ‘வேலு’ பளிச்சென்று தெரிந்தது. அப்பா முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியையே உற்றுப் பார்த்தார்.

“பேரு சரிதாண்டா. ஆனா எல்லாப் பயலும் பீச்சாங்கையால திங்கிறானே! திங்கக்கிழமை பட்டறைக்கு வா.”

பிறகு பல வருஷம் அந்தப் பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதினேன். பெட்டிகள் திரும்பித் திரும்பி வந்தனவே தவிர, என் எழுத்து ஒருநாளும் திரும்பவில்லை.