எந்த மெஷினில் முதலில் உட்காருவது?

டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு விரல் நோகும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நோகிறது வாய்தான்.

தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிற அட்டனில், ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் வகுப்பு இருந்தது. அறுபதுகளின் தொடக்கம். மொத்தம் ஆறு மெஷின்கள். நாலு இங்கிலீஷ், ஒன்று தமிழ், ஒன்று சிங்களம். சிங்கள மெஷின் புதிது. சிங்களம் அரசாங்க பாஷையாகி, கந்தோர்க் கடிதங்கள், அதாவது அலுவலகக் கடிதங்கள், எல்லாம் சிங்களத்தில் வர ஆரம்பித்த பிறகு வாங்கியது. அங்கே நான் ஒரே டீச்சர். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகள். வயது இருபத்து மூன்று. என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களும் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தவர் என்றால் என் பாடு புரியும். மாடிப்படி ஏறி வருகிற எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: எதை முதலில் படிப்பது? வகுப்பின் முதலாளி அருளம்பலம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. இங்கிலீஷ் படிக்காமல் மற்ற மெஷினைத் தொடுவது குளிக்காமல் கோயிலுக்குள் போவது மாதிரி என்பார். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பேன். அதனால் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத்துக் குறைந்த பாஷை

மாடசாமி ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் சங்கத் தலைவர். கூரை ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று கையால் எழுதிக் கொடுக்கிற மனுவைத் தோட்டத்தை நடத்துகிற துரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, டைப் அடித்துக் கொடுத்தால்தான் மதிப்பு என்று வந்தார். எதை முதலில் படிப்பது என்று அவரும் கேட்டார். எதில் எழுத்து குறைவு என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். தமிழில் இருநூற்று நாற்பத்தேழு, இங்கிலீஷில் இருபத்தாறு என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் இங்கிலீஷ் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாரம் உற்சாகமாகப் போனது. இரண்டாவது வாரம் பெரிய எழுத்துக்கு எந்தக் கட்டையை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். தலைவர் கையை மெஷினிலிருந்து எடுத்தார். பெரிய எழுத்து தனி, சின்ன எழுத்து தனி என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. வாக்குக் கொடுத்து ஏமாற்றிய துரையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"இருபத்தாறுன்னு சொல்லித்தானே மிஸ் சேர்த்தீங்க? பதினஞ்சு நாளுல அது ஐம்பத்திரண்டு ஆயிருச்சே, இன்னும் எத்தன உள்ளுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

வால் வைத்த வட்டம்

சூசை ஒரு துரை பங்களாவில் சமையற்காரர். விருந்து நாட்களில் என்னென்ன சாப்பாடு என்று ஒரு அட்டையில் அடித்து மேசையில் வைக்க வேண்டும். அதைத் தோட்டக் கந்தோரில் அடித்துத் தருகிறவர் ஒவ்வொரு தடவையும் பிழை விடுகிறார் என்பதால் தானே படித்துக்கொள்ள வந்தார். அவருக்கு எந்த பாஷை என்ற குழப்பம் இல்லை. குழப்பம் எனக்குத்தான். ஏனென்றால் அவருக்கு இங்கிலீஷ் முழுவதும் வேண்டாமாம். துரை வீட்டில் திருப்பித் திருப்பி அதே சாப்பாடுதான், அதற்கு வேண்டிய எழுத்தை மட்டும் காட்டினால் போதும் என்றார். எண்ணிப் பார்த்ததில் அவர் சொன்னது சரிதான். சூப்புக்கும் ரோஸ்டுக்கும் புடிங்குக்கும் ஏழெட்டு எழுத்துகள் தேவைப்படவே இல்லை.

எல்லா எழுத்தும் படித்தால்தான் விரல் படியும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, தேவையில்லாத மசாலாவைச் சட்டியில் போடுகிற பழக்கம் தனக்கில்லை என்றார். ஒரே மாதத்தில் ஒரு பிழையும் இல்லாமல் அட்டை அடித்தார். துரையின் மனைவி துரைசாணியே பாராட்டினாராம். நான் தோற்றேன் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை உடையோடு மாடி ஏறி ஓடி வந்தார். அன்றைய விருந்துக்குத் துரைசாணி காடை வாங்கி வைத்திருந்தார். காடைக்கு இங்கிலீஷில் குவெயில். கந்தோரில் எழுதி வாங்கிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முதல் எழுத்தைத் தேடி மெஷின் முழுக்க விரலை ஓட்டினார்.

"மிஸ், அடுப்புல காடை வேகுது. அந்த வால் வச்ச வட்டம் எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, மத்தத நாளைக்குப் படிக்கிறேன்."

புள்ளி முந்தியா, எழுத்து முந்தியா

ஐம்பத்திரண்டு எழுத்தில் மனம் கசந்த மாடசாமித் தலைவர் தமிழ் மெஷினுக்கு மாறினார். தமிழ் மெஷினில் ஒரு சங்கதி உண்டு. புள்ளியை அமுக்கினால் தாள் நகராது. ஆகவே 'க்' அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளி, பிறகு அதற்குக் கீழே 'க'. இதைச் சொன்னதும் தலைவர் மறுத்துவிட்டார். எழுத்தைப் போட்டுவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம், ஒரு மெஷினுக்காகத் தமிழை மாற்ற முடியாது என்றார். தன் முறைப்படியே 'வணக்கம்' என்று அடித்தார். தாளில் 'வணகக்ம' என்று வந்தது. கடைசிப் புள்ளி ஆளில்லாமல் வெறும் தாளில் தொங்கியது. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது ஒரு வேலைநிறுத்தம். இரண்டு வகுப்பு நீடித்தது.

இதற்கிடையில் மழை வருகிற மாதம் நெருங்கியது. கூரைத் தகரம் மாற்றக் கேட்டு எழுத வேண்டிய மனு அப்படியே இருந்தது. மூன்றாவது வகுப்பில் தலைவர் வந்து உட்கார்ந்து, புள்ளியை முந்தி வைத்து, முழு மனுவையும் ஒரே மூச்சில் அடித்து முடித்தார். தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தார். அடுத்த கிழமை தகரம் வந்து இறங்கிய செய்தியைச் சொல்லத்தான் மறுபடி வந்தார். எப்படி மனம் மாறினீர்கள் என்று கேட்டேன்.

"இலக்கணத்துல நான் சொல்றது சரி, மெஷின்ல நீங்க சொல்றது சரி. இதத்தான் மிஸ் நாங்க பேச்சுவார்த்தைன்னு சொல்லுவோம்."

மூன்று சனிக்கிழமை

பார்வதி வட்டவளையிலிருந்து ரயிலில் வந்தாள். பதினெட்டு வயது. மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வந்தாள். ஒரு நாளும் உட்காரவில்லை. வாசலில் நின்று ஆறு மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விடுவாள். விசாரித்தேன். அண்ணன் இங்கிலீஷ் என்கிறானாம், மாமா தமிழ் என்கிறாராம், ஸ்கூல் டீச்சர் ஒருவர் கல்யாணம் என்கிறாராம். தகப்பன் ஆறு மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற வரிசையில் நின்று, கொழுந்தெடுக்கப் பேர் கொடுக்க வேண்டும். அம்மாவும் அக்காவும் ஏற்கெனவே மலையில் நிற்கிறார்கள், மூன்றாவது கூடையும் அந்த வீட்டிலிருந்து போக வேண்டுமா என்பது அவள் கவலை. ஆறு மாதத்தில் ஒரு மெஷினைத்தான் ஒழுங்காகப் படிக்க முடியும். தப்பான மெஷினில் உட்கார்ந்துவிட்டால்?

அருளம்பலம் ஐயா இங்கிலீஷ் மெஷினின் உறையை எடுத்தே வைத்துவிட்டார். முகத்தைப் பார்த்துச் சொல்கிற என் வித்தை அன்றைக்குப் பலிக்கவில்லை. கடைசியில், எதை அடிக்கப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். அவள் அதற்குத்தான் காத்திருந்தவள் போலச் சட்டென்று பதில் சொன்னாள். லயம் என்கிற தோட்ட வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தாலும், கடைத்தெருச் சிங்களப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். அந்த பாஷையைப் பேசவும் வரும், ஓரளவு எழுதவும் வரும்.

"எங்க லயத்துக்கு வர்ற கடுதாசி எல்லாம் சிங்களத்துல வருது மிஸ். பதில் போட ஆளில்லாம ஒவ்வொரு காம்பராவுலயும் பெட்டிக்குள்ள கிடக்கு. நான் அந்த மெஷின்லயே உட்காருறேன்."

வாயும் விரலும்

ஐயாவுக்குக் கோபம். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காமல் போனால் இனி புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்கிற வேலை எனக்கில்லை என்று சொல்லிவிட்டார். நான் பயந்துபோனேன். அந்த வேலை போனால் என்ன, வாய்க்கு ஓய்வுதானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதன் பிறகு எனக்கு அங்கே மிச்சம் இருப்பது விரலைக் காட்டிக்கொடுப்பதும் மெஷினுக்கு எண்ணெய் போடுவதும்தான்.

நல்ல வேளையாக அதே மாதம் பண்டார வந்து சேர்ந்தார். ஸ்டேஷனில் பார்சல் பார்க்கிற சிங்களக் கிளாக்கர். இங்கிலீஷ் தெரியும், சிங்களம் சொந்த பாஷை. அவருக்கு வேண்டியது தமிழ். தோட்டத்திலிருந்து பார்சல் தேடி வருகிறவர்களிடம் கையைக் காட்டிப் பேசி அலுத்துவிட்டதாம். அவரைப் பார்வதிக்குப் பக்கத்து மெஷினில் உட்கார வைத்தேன். அவள் அடித்த சிங்களத்தில் அவர் பிழை பார்த்தார், அவர் அடித்த தமிழில் அவள் பிழை பார்த்தாள். ஒருவருக்கொருவர் சட்டாம்பிள்ளை. சிரிப்புச் சத்தம் கீழே புடவைக் கடைக்குக் கேட்டது. ஒரு நாள் 'கிழமை' என்ற சொல்லை அவர் எப்படிச் சொல்லிப் பார்த்தும் 'கிலமை' என்றே வந்தது. பார்வதி விடவில்லை, பத்துத் தடவை சொல்ல வைத்தாள். அவர் திரும்பி என்னிடம் முறையிட்டார்.

"மிஸ், எனக்கு அந்த எழுத்து வாயால சொல்ல ஏலாது. விரலால சரியாச் சொல்றேன்தானே, அது போதாதா?"

தலவாக்கலையில் ஒரு பரீட்சை

ஐந்தாவது மாதம், தலவாக்கலையில் ஒரு லொறிக் கம்பெனிக்கு டைப் அடிக்க ஆள் தேவை என்று தெரியவந்தது. சிங்களம் தெரிந்தவர் வேண்டும் என்றதால் பார்வதியை அனுப்பினேன். ஐந்து பேர் வந்திருந்தார்களாம். உள்ளே போனால் சிங்கள மெஷின் பழுது பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தது. மேசையில் இருந்தது ஒரு இங்கிலீஷ் மெஷின். எழுத்துகளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாலும், அந்த மெஷினை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை. எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தாளாம். பிறகு பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரிசையிலும் எந்த விரலுக்குக் கீழே என்ன எழுத்து என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். ஐந்து பேரில் கடைசியாக முடித்தது அவள்தான். பிழை இரண்டே இரண்டு.

அதற்குப் பிறகு மனேஜர் ஒரு தோட்டத்திலிருந்து வந்த தமிழ்க் கடிதத்தைக் கொடுத்து, அதற்குச் சிங்களத்தில் கையால் பதில் எழுதச் சொன்னார். மற்ற நாலு பேரும் பேனாவைத் தொடவே இல்லை. பார்வதி எழுதினாள். சாயந்தர ரயிலில் நேரே வீட்டுக்குப் போகாமல் அட்டனில் இறங்கி, மாடிப்படி ஏறி வந்து, வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள் என்றாள். பண்டார எழுந்து நின்று கைதட்டினார். தொடாத மெஷினில் எப்படி அடித்தாய் என்று கேட்டேன்.

"லயம் ஒண்ணுதான் மிஸ், காம்பராதான் வேற வேற. ஒண்ணுல குடியிருந்து பழகிட்டா அடுத்ததுல இருட்டுல கூட நடக்கலாம்."

காலை ஆறு மணி

மூன்றாம் நாள் எல்லாரும் போன பிறகு அருளம்பலம் ஐயா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் வயதாகி ஓய்வு பெற்றவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கந்தோரில் சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னபோது, இந்த வயதில் நான் அரிச்சுவடி பிடிப்பதா என்று ரோசப்பட்டு, காலம் முடிய முன்னமே விட்டுவிட்டு வந்தவர். இங்கிலீஷ் போதும் என்று ஊருக்கெல்லாம் சொன்னது தனக்கே சொல்லிக்கொண்டதுதான் என்றார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இல்லை, கொஞ்சம் வெட்கம்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், பனி விலகாத காலையில், கழுத்துத்துண்டைச் சுற்றிக்கொண்டு சிங்கள மெஷினில் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு வரி அடித்தார், எட்டுப் பிழை. எண்ணிப் பார்த்துவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும் பிள்ளை. முக்கியமா அந்தப் பண்டாரவுக்குச் சொல்லாதையும், அவன் இப்ப தமிழிலையே என்னைப் பகிடி பண்ணுவான்."

எட்டு வருஷம் அந்த மாடியில் இருந்தும் எதை முதலில் படிப்பது என்று நான் ஒருவருக்கும் சரியாகச் சொன்னதில்லை, சொன்னதை யாரும் கேட்டதுமில்லை; ஆனாலும் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எதையோ ஒன்றை அடிக்கப் படித்துக்கொண்டார்கள், யோசித்து முடித்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிப் போனவர்கள்தான் இன்னும் வரவில்லை.