சம்பளத்தில் பிடிக்காத வரி

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். அங்கே எதுவானாலும் தோட்டத்தை நடத்தும் தொரை சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். பதுளையில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகும், என் வீட்டுக்காரர் வேலை செய்யும் கடையில் வரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்றே இருந்துவிட்டேன்.

ஒரு நாள் மாநகர சபையிலிருந்து இருவர் வந்தார்கள். வீட்டுக்குக் கட்டவேண்டிய சோலை வரி பாக்கிக்காக என் தையல் மிஷினை எடுத்துப்போக வேண்டிவரும் என்றார்கள். ஜெபிக்கப் பார்த்தேன், வாய் வரவில்லை.

"சம்பளத்துல பிடிக்கலீங்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டேன்.

"இது தோட்டமில்லம்மா. இந்த வீட்டுக்கு நீங்கதான் தொரை, நீங்கதான் கட்டணும்," என்றார் மூத்தவர்.

ஆண்டவர் கிருபை, தவணை கொடுத்தார்கள். இப்போது காலாண்டு தவறாமல் நானே போய்க் கட்டுகிறேன். கட்டிவிட்டு வந்தால்தான் ஜெபத்தில் 'எங்கள் வீடு' என்று சொல்ல வாய் வருகிறது.