தயிருக்கு வாங்கிய சைக்கிள்

மலைச் சைக்கிள் செய்கிற கம்பெனிக்காரர்களுக்கு உன்னிச்சைக் குளம் எந்தத் திக்கில் இருக்கிறதென்று தெரியாது. தெரிந்திருந்தால் எங்கள் தனுஷாவின் காலையும் ஒரு தரம் அளந்துவிட்டுச் சில்லை, அதுதான் சக்கரத்தை, பெரிதாக்கியிருப்பார்கள். இருபத்தாறு இஞ்சிச் சில்லோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை முதலில் இருபத்தேழரைக்கு ஏற்றினார்கள். அதோடு நின்றார்களா? இருபத்தொன்பதுக்கும் போய்விட்டார்கள். மலையேறுகிறவர்களுக்கு அது வசதியாம். இருக்கட்டும். எங்கள் வீதியில் மலை இல்லை, குழிதான் இருக்கிறது.

தனுஷா உன்னிச்சையில் எருமை வளர்க்கிறவள். உறைந்த தயிர்ச் சட்டிகளை வைக்கோல் பரப்பிய பலகைப் பெட்டியில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டி, விடிந்ததும் ஆயித்தியமலைப் பக்கம் கொண்டுவந்து வீடு வீடாக விற்பாள். ஆள் கட்டை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் முன்வரிசையில்தான் நிற்கவிட்டார்களாம், அதை அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் அவளுடைய வாடிக்கைக்காரி. சொந்தமில்லை, ஆனாலும் என்னை மாமி என்றுதான் கூப்பிடுவாள்.

என் வீட்டுக்கு நேரெதிரே அவளுடைய அக்கா கண்ணகையின் வீடு. எங்கள் பக்கத்தில் தாயின் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். இவர்களின் தாய் மூத்தவளுக்கு வீட்டையும் இளையவளுக்கு எருமைகளையும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். கண்ணகை எருமையில் பங்கு கேட்டாள். அப்படியென்றால் வீட்டில் எனக்குப் பங்கு எங்கே என்று தனுஷா கேட்டாள். வாய் தடித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு கண்ணகை கடையில் பிளாஸ்டிக் கப் தயிர்தான் வாங்குகிறாள். அதைத் தயிர் என்று சொல்ல எனக்கு நா கூசும்.

ஒருநாள் எனக்குச் சட்டியைத் தந்துவிட்டுத் தனுஷா எதிர்வீட்டைப் பார்த்தபடி நின்றாள். “ஊரெல்லாம் தயிர் குடுக்கிறன் மாமி. அக்காட வாசல்ல ஒரு சட்டி வைக்க ஏலாமக் கிடக்கு” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த நாட்களில் அவளுடைய பழைய மலைச் சைக்கிளும் ஆட்டம் கண்டுவிட்டது. இரண்டு தரம் ஒட்டிய பிரேம் மூன்றாம் தரமும் விட்டுப்போயிற்று. அதில் வந்த தயிரும் அவ்வளவு நல்லாயில்லை. சின்னச் சில்லு ஒவ்வொரு குழிக்குள்ளும் விழுந்து எழும்பும். என் வீடு வருவதற்குள் தயிர் வெடித்துப் பாதி தண்ணீராக நிற்கும். வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன.

அவளுடைய புருஷன் சிவதர்ஷன் நல்லவன், ஆனால் அவசரக்காரன். மட்டக்களப்பில் இஷாம் என்பவரின் கடைக்குப் போனான். இருபத்தாறில் இனி நல்ல மலைச் சைக்கிள் வருவதில்லை என்று இஷாம் கையை விரித்தார். பெரிய சில்லு குழிக்குள் விழாது, மேலால் உருண்டு போய்விடும் என்றும் சொன்னார். வாய்ச்சொல்லை நம்புகிறவனா இவன்? வீட்டிலிருந்து ஒரு சட்டித் தயிர் கொண்டுபோயிருந்தான். இருபத்தொன்பது இஞ்சிச் சைக்கிளுக்குக் கரியர் பூட்டச்சொல்லி, அதில் சட்டியைக் கட்டி, கடைக்குப் பின்னாலிருந்த மோசமான ஒழுங்கைப் பாதையில் நாலு தரம் ஓடிவிட்டு மூடியைத் திறந்தான். தயிர் வைத்தது வைத்தபடி இருந்தது. அங்கேயே வாங்கிவிட்டான். தயிரைக் கொண்டுபோனவனுக்குப் பெண்சாதியையும் கூட்டிப்போக வேண்டுமென்று தோன்றவில்லை.

மறுநாள் தனுஷா வீட்டுப் படியில் நின்று ஏறிக்கொண்டாள். ஓடுவது பூப்போல இருந்ததாம். நிறுத்தத்தான் முடியவில்லை. சீற்றை அடிமட்டும் இறக்கியும் கால் நிலத்துக்கு எட்டவில்லை. பின்னால் பெட்டி இருப்பதால் காலை வீசி இறங்கவும் வழியில்லை. “மாமி, ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ” என்று கத்திக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனாள். நான் இந்த வயதில் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிச் சட்டியைத் தூக்கினேன். அதற்கப்புறம் மதகுக்கட்டு உள்ள இடங்களில் மட்டும் கால் ஊன்றி நின்றாள். தயிர் வேண்டியவர்கள் மதகுக்கு நடந்துபோக வேண்டியதாயிற்று. தயிரோ கத்தியால் வெட்டலாம் போல வந்தது, ஆகையால் முணுமுணுத்துக்கொண்டே போனோம்.

ஒருநாள் காலையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. தனுஷா பிரேக்கைப் பிடித்தாள். கால் நிலத்தைத் தேடியது, கிடைக்கவில்லை. சைக்கிளோடும் பெட்டியோடும் சரிந்தாள். விழுந்தது கண்ணகையின் வாசல் படலைக்கு முன்னால். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கண்ணகையும் ஓடிவந்தாள், ஆனால் படலையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள். எனக்கு அவளில் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தனுஷா அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், பிறகு குனிந்து சட்டி ஓடுகளைப் பொறுக்கினாள்.

சிவதர்ஷனுக்கு மனம் கேட்கவில்லை. இதைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் ஓடுகிற சின்னச் சைக்கிள் ஒன்று எடுப்போம் என்றானாம். அவள் சம்மதிக்கவில்லை. “தயிர் உடையாமப் போகுது. என்ட கால்தான எட்டயில்ல” என்று சொல்லிவிட்டாள்.

கால் எட்டாவிட்டால் நிலத்தைத்தான் உயர்த்த வேண்டும். நான் என் வாசலில் செங்கல் அடுக்கி வைத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புஸ்பம் தென்னங்குற்றி ஒன்றை உருட்டிவந்து போட்டாள். அடுத்த வீட்டில் சோடாப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒன்றும் சரியான உயரம் இல்லை. என் செங்கல் பதிவு, உயரம் போதாது, அதில் அவள் நுனிவிரலில் சரிந்து நிற்பாள். புஸ்பத்தின் குற்றி உயரம், முழங்கால் மடங்கும். ஆனாலும் நின்றாள், தயிர் தந்தாள்.

போன கிழமை கண்ணகை மேசன் ஒருவனைக் கூப்பிட்டு, சீமெந்துக் கல் வைத்துப் படலைக்கு வெளியே எதையோ கட்டுவித்தாள். என்ன புள்ள இது என்று கேட்டேன். மழைத்தண்ணி வளவுக்குள் வருகிறதாம். ஒற்றைக் கல்லுக்கு மறிபடுகிற மழையும் உண்டா?

அடுத்த நாள் விடிய தனுஷா வந்தாள். அந்தக் கட்டைக் கண்டதும் வேகம் குறைந்தது. தாண்டிப் போய்விடுவாளோ என்று நான் வாசலுக்கே வந்துவிட்டேன். சைக்கிளை ஓரம் கட்டிக் காலை இறக்கினாள். உள்ளங்கால் முழுதும் பதிந்தது. சைக்கிள் ஒரு பக்கமும் சரியவில்லை.

“ஆரக்கா அளந்த?” என்று கேட்டாள்.

“உன்ட கால் எனக்குத் தெரியாதா புள்ள?” என்றாள் கண்ணகை. சொல்லிவிட்டு வெளியே வந்து, பெட்டியைத் திறந்து, தானே ஒரு சட்டியை எடுத்துக்கொண்டாள்.