காணாமல் போன சிம்பல்

"இந்தப் பிள்ள அழாமப் பாடியிருந்தா, நாம அழுதிருப்போம்."

ஒரு பாப் பாடகியின் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, இயர்போனைக் கழற்றியபடி ஃபிட்டர் அண்ணாச்சி சொன்ன தீர்ப்பு அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். போனில் தெரிந்த அட்டைப் படத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். முந்தைய வாரம் முழுக்க நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு அழுகை வந்துச்சே அண்ணாச்சி" என்றேன். திரும்பிப் பார்த்தார். "அப்ப ஒனக்கு வேற ஏதோ கவல இருந்திருக்கும் தாயி" என்றார்.

அதற்கு முன்பு இரண்டு வருடங்களாக நாங்கள் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தும் பேசிக்கொண்டதில்லை. நான் நூலின் தரம் பார்க்கும் லேபில் இருந்தேன். அவர் நூற்கும் எந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அந்த எந்திரக் கூடத்துக்குள் போனால் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கையால்தான் பேச வேண்டும். காதில் வைத்துக்கொள்ளக் கொடுத்த அடைப்பானை அவர் சட்டைப் பையில் வைத்திருப்பார். எந்திரத்தின் சத்தம் எங்கே மாறுகிறது என்று கேட்டால்தான் கோளாறு பிடிபடும் என்பது அவர் கட்சி. ஆலைக்கு வருமுன் கேசட் பதிவு செய்யும் கடை ஒன்றில் இருந்தாராம். யாரோ பதியக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத ஓர் ஆங்கில ராக் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டதில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. பாட்டின் வார்த்தைகள் பாதிதான் புரியும். அது தனக்கு வசதி என்பார், பாடுகிறவன் வார்த்தையில் பொய் சொல்லி ஏமாற்ற முடியாதாம்.

நான் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். குரல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதைத்தான் கவனிப்பேன். அவர் தாளத்தைக் கவனிப்பார். ஆகவே எங்களுக்குள் ஒத்துப்போனது குறைவு. ஆல்பங்களைப் பெயர் சொல்லாமல் அட்டைப் படத்தை வைத்தே பேசிக்கொள்வோம். நீலக் கதவு படம் போட்டதைப் பற்றி, "கிதார் வாசிக்கத் தெரியுது, நிறுத்தத் தெரியல" என்றார். எனக்கு அதில் பிடித்ததே அந்த நிறுத்தாமைதான். வெறும் கறுப்பு அட்டையில் வந்த ஒன்றை நான் கொண்டாடியபோது, "கோவத்தக்கூட இஸ்திரி போட்டு வச்சிருக்கான்" என்று ஒதுக்கினார். மழையில் ஒரு கழுதை நிற்கிற அட்டை மட்டும் இருவருக்கும் பொது. அதில் மூன்றாவது பாட்டில், டிரம்ஸுக்கு மேலே தாங்கியில் நிற்கும் சிம்பல் என்ற வெண்கலத் தட்டை ஒருவர் மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். தூறல் விழுவது போல இருக்கும்.

அந்த ஆல்பத்தின் ஒலியைத் துலக்கிப் புதிதாக வெளியிட்டார்கள். கேட்ட மறுநாள் காலை அண்ணாச்சி கொதித்துப்போயிருந்தார்.

"கெடுத்துப்புட்டானுவ. மூணாவது பாட்டுல சிம்பலையே காணோம். சுத்தமா வழிச்சு எடுத்துட்டான்."

நான் என் போனில் கேட்டேன். சிம்பல் இருந்தது. முன்பைவிடத் தெளிவாகவே இருந்தது. ரசனை வேறுபாடு என்று எண்ணி விட்டுவிட்டேன். ஆனால் அதன் பிறகு வந்த பெண் பாடகிகள் எல்லோரும் வாய்க்குள்ளேயே பாடுவதாக அவர் சொல்லத் தொடங்கினார். புதிய ஆல்பங்கள் எல்லாம் கம்பளி போர்த்தியது போல இருப்பதாகச் சலித்துக்கொண்டார். ஒருநாள் பேருந்தில், கண்டக்டர் அவர் தோளை ஒட்டி நின்று விசிலை நீளமாக ஊதினார். முன்னால் இருந்த கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது. அண்ணாச்சியின் தலை அசையவில்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இருந்தும் நான்கு மாதம் சொல்லாமல் இருந்தேன். காதால் கோளாறு கண்டுபிடிக்கிற மனிதரிடம் காதிலேயே கோளாறு என்று எப்படிச் சொல்வது? அவர் வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. அந்த நான்கு மாதமும் அவர் அடைப்பான் இல்லாமல்தான் எந்திரங்களுக்கு நடுவே நின்றார். அதை இன்றும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியில் பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கியதும் சொன்னேன். "அண்ணாச்சி, அந்தச் சிம்பல் இருக்கு. எனக்குக் கேக்குது."

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "எம்புட்டு நாளா தெரியும் ஒனக்கு?" என்று கேட்டார். சொன்னேன். முன்னால் நடந்து போய்விட்டார். மூன்று வாரம் வேறு பேருந்தில் வந்தார்.

திரும்ப வந்தபோது மதுரைக்குப் போய்க் காதைச் சோதித்துவிட்டு வந்திருந்தார். மேல் ஸ்தாயிச் சத்தங்கள் பல வருடங்களாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தனவாம். காது கேட்கும் கருவி வாங்கி மாட்டியிருந்தார். ஆலையில் அவரை உதிரிப் பாகங்கள் வைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் பயந்தது போல வேலை போகவில்லை, ஆனால் எந்திரங்களிடமிருந்து அவரைப் பிரித்துவிட்டார்கள்.

கருவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். "பேச்சு நல்லாக் கேக்குது தாயி. பாட்டுதான் தகர டப்பாவுக்குள்ள இருந்து வருது" என்றார். குரலில் வருத்தம் தெரியவில்லை. அந்தத் தகரச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, ஒதுக்கித் தள்ளிய ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். வாய்க்குள் பாடுவதாகத் திட்டிய ஒரு பாடகியைப் பற்றி ஒரு காலையில் சொன்னார்: "அவ மூச்சு விடுததுகூடக் கேக்கு. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து, "எனக்குக் கேட்ட வரைக்கும்" என்று சொல்லித்தான் எந்த ஆல்பத்தைப் பற்றியும் ஆரம்பிக்கிறார். போன வாரம் புதிதாக வந்த ஒன்றைப் பற்றி, "எனக்குக் கேட்ட வரைக்கும் சுமார்தான்" என்றார்.

"என்ன அண்ணாச்சி, அருமையா இருக்கு! ஒரு பாட்டுகூடச் சோடை இல்ல" என்றேன்.

கருவியை விரலால் சரிசெய்துகொண்டு, பேருந்தே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னார்:

"ஒனக்குக் கேட்ட வரைக்கும்னு சொல்லு தாயி."