உறைமண்ணில் இறக்கிய சூடு

சிமெண்ட் கலக்கும் தொட்டியின் மேல் எழுந்த ஆவிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வட சைபீரியாவில், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் மண்ணில், எரிவாயுக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தோம். வெளியே மைனஸ் நாற்பது டிகிரி. அந்தக் குளிரிலும் துளைக்குள் செலுத்தும் சேற்றைக் குளிர்விக்க ஓர் இயந்திரம் வைத்திருந்தோம் என்றால் எங்கள் ஊர் ஆவடியில் சிரிப்பார்கள். அந்த மண்ணைத் தாங்கி நிறுத்துவதே அதனுள் இருக்கும் பனிக்கட்டிதான். அது உருகினால் மண் கூழாகிவிடும்.

அன்று குழாயைச் சுற்றி சிமெண்ட் இறக்க வேண்டும். கலக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கலாம்; அப்படியானால் சிமெண்ட் இறுகக் கூடுதலாக இரண்டு நாளாகும். பனிப்பாதை உருகுவதற்குள் இயந்திரங்களை அடுத்த கிணற்றுக்கு நகர்த்தும் அவசரம் எனக்கு. பொறுப்புப் பொறியாளன் நான். சூட்டை ஏற்றச் சொன்னேன். பம்பு ஆபரேட்டர் அம்பத்தூர்க்காரர், அங்குள்ள தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் கைபழகி வந்தவர்.

"சார், இம்மாஞ் சூடு வேணாம். சுத்தி கீற மண்ணு குச்சி ஐஸ் மாரி ஒழுகிடும்."

"படிச்சது நானா, நீயா? வால்வைத் திற."

திறந்தார்.

கோடையில் கிணற்றைச் சுற்றி நிலம் உள்வாங்கியது. குழாய்க்கு வெளியே வாயு குமிழியிட்டது. கிணற்றை மூடிவிட்டார்கள். விசாரணையில், ஆபரேட்டர் என்னைக் கேட்காமலே சூட்டை ஏற்றினார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரே வாரத்தில் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு எந்தக் கிணற்றிலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது. நிர்ப்பந்தத்தால் எழுதினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை.

போன மாதம் ஆவடியில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போனபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா சார், பனியில ஓடிகினு இருந்த ஆளு, இங்க தள்ளாடிகினு கீறீங்க?"

அவரேதான். கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனார். மனைவியிடம், "நான் சொல்வேனே, அந்த சார். எல்லாரும் என்னத் தொரத்துனப்ப எனக்காகப் பேசுனவரு" என்றார். அந்த அம்மாள் கும்பிட்டார். என்னால் உட்காரவும் முடியவில்லை.

அம்மாள் காபி போட உள்ளே போனதும், நான் எழுதிய அறிக்கையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் சார்," என்று குரலைத் தாழ்த்தினார். "படிச்சிக் காட்டித்தான் என்கிட்ட கையெழுத்து வாங்குனானுங்க."

"பிறகு ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"ஒருத்தராவது என்ன நம்புனாருன்னு ஊட்ல சொல்ல வேணாமா? இல்லாங்காட்டி தப்பு எம்மேலன்னே நெனச்சிருப்பா. இப்ப வந்து ஒடச்சிடாதீங்க சார்."

அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட எண்ணியிருந்தேன். அந்த நிம்மதியை ஆபரேட்டர் எனக்குத் தரவில்லை.

காபியை நீட்டியபடி, "அன்னிக்கு இன்னாதான் சார் ஆச்சு?" என்று அம்மாள் கேட்டார். அவர் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிணறு கெட்டதில் இவர்மேல் ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன்.

அவ்வளவு சிறிய வாக்கியம். சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லாமல் விட்டவன் நான்.