ஒரு கம்பு தூரம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கதவுக்குப் பின்னால் ஒரு கம்பு சாய்ந்து நிற்கிறது. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலைமட்டம் பார்க்கத் தேயிலை மேல் படுக்கப் போடுவோமே, அந்தக் கம்பு. நான் மலை ஏறுவதை விட்டுப் பல வருடமாகிறது. கம்பும் நானும் ஒன்றாகவே கூன் போட்டுவிட்டோம். விறகு நனைந்துபோன மழை நாட்களில் கால் உடைந்த ஸ்டூலைக்கூட அடுப்பில் வைத்திருக்கிறேன். இதை மட்டும் தொட்டதில்லை. ஆறு அடிக்கு ஒரு விரல் குறைவு. அளந்து சொன்னவள் என் மகள்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. கொழும்பில் அறுத்தார்கள். மிச்சம் இருப்பதைக் கொல்ல ஒரு மருந்து குடிக்க வேண்டும், குடித்தால் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும், வீட்டுக்குப் போனபிறகும் பத்து நாள் சின்னப் பிள்ளைகள் பக்கமும் கர்ப்பிணிகள் பக்கமும் போகக்கூடாது என்றார்கள். "வீட்டுல தனி அறை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றால் தேதி தள்ளிப்போகும் என்று வரிசையில் இருந்த ஒருத்தி எங்களிடம் முன்பே சொல்லியிருந்தாள். "இருக்குங்க டாக்டர்" என்றாள் மகள். நானும் பலமாகத் தலையாட்டினேன். ஒரு காம்பரா, பின்னால் சமைக்கக் குசினி, முன்னால் திண்ணை போல் இஸ்தோப்பு. எண்ணினால் மூன்று வருகிறதே! பொய் எனக்குக் கைவந்த வித்தை. அவளுக்கு அது முதல் பொய். காது மடல் சிவந்துபோனதை நான்தான் பார்த்தேன்.

மருந்து குடித்தவளை மருமகன் வேனில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேலை பார்க்கும் கடைக்கே திரும்பிப் போனார். அதற்குப் பிறகுதான் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துச் சுவர்கள் எவ்வளவு நெருக்கம் என்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணி தலை வைத்துப் படுக்கிறாள். மறுபக்கச் சுவருக்கு அப்பால் ஒரு கைக்குழந்தை. இஸ்தோப்பில் மகளின் இரண்டரை வயதுப் பிள்ளை, என் பேத்தி. அவளைப் பூனாகலையில் என் தங்கை வீட்டில் விட்டுப் பார்த்தோம். ஒரு வாய் சோறு உண்ணாமல் இரண்டாம் நாளே காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டாள். மகள் பாயை எல்லாச் சுவருக்கும் தள்ளி, காம்பராவின் நட்ட நடுவில் போட்டுக்கொண்டாள். நான் வாசலில் நின்று கம்பால் சோற்றுத் தட்டை உள்ளே தள்ளுவேன்.

"என்னாடி மருந்து இது, பெத்த தாயக்கூட அண்ட விடாம?" என்று கேட்டேன். ஓ.எல். பரீட்சை வரை படித்தவள் அவள். கரித்துண்டால் சுவரில் ஒரு புள்ளி வைத்தாள், அதைச் சுற்றி வட்டம் போட்டாள். "இதுதாம்மா அணு. நடுவுல கரு. அதுக்குள்ள புரோத்தனும் நியூத்திரனும் நெருக்கியடிச்சு இருக்கும். இலத்திரன் வெளிய சுத்தும். கரு ஒரு தேயிலை வெத அளவுன்னு வையி, இலத்திரன் அங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட ஓடும்."

"ஒரு பொடிக்கு அம்பூட்டு எடமா? எந்த தொரை எழுதிக் குடுத்தாரு?"

சிரித்தாள். சிரித்தால் தையல் வலிக்கும், கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "இந்த மருந்தோட கருவுல நியூத்திரன் கூடிப்போச்சும்மா. நம்ம காம்பரா மாதிரி. உள்ள அடங்க முடியாம கதிரா வெளிய எறியுது. எறிஞ்சு முடிக்கிற வரைக்கும் யாரும் கிட்ட வரக்கூடாது."

ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் லயமே பிஸ்கட்டும் பால்மாவுமாகப் பார்க்க வந்துவிடும். அதுதான் எங்கள் வழக்கம். கதிர் என்று வாயைத் திறந்தால் பைப்பில் தண்ணீர் பிடிக்கவும் விடமாட்டார்கள். என் குறுக்குப் புத்தி வேலை செய்தது. கோயிலோரம் குளிரில் வளரவும் மாட்டாமல் சாகவும் மாட்டாமல் நிற்கும் வேம்பில் ஒரு கொத்து ஒடித்து வாசல் நிலையில் செருகிவிட்டேன். "அம்மை போட்டுருக்கு" என்றேன். ஒரு பிஸ்கட் வரவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், அடுத்த காம்பராக் கர்ப்பிணி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். முன்னால் இரண்டு பிள்ளை தங்காமல் போனவள். "பெரியம்மா, ஒங்க வீட்டுல மாரியாத்தா எறங்கியிருக்கா. ஒரே ஒருக்கா கால்ல விழுந்துட்டுப் போயிர்றேன்" என்று ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். யாரை முதலில் தடுக்க வேண்டுமோ அவளை நானே வேப்பிலை காட்டி அழைத்திருக்கிறேன். வாசலில் கம்பைக் குறுக்கே பிடித்தேன். பொய்க்குப் பஞ்சம் வந்துவிட்டது. எனக்கு!

உள்ளேயிருந்து ஒரு குரல். அறுத்த தொண்டை கிழிய, "ஏய்! அங்கயே நில்லு! என் எல்லைக்குள்ள கால் வெக்காத! ஆறடி தள்ளி நின்னு கும்புடு!" சாமியாடுகிறவர்களைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பவள் என் மகள். எந்த ஆத்தா அடிக்கணக்குச் சொல்லுவாள்? ஆனால் கர்ப்பிணி அப்படியே பின்வாங்கி இஸ்தோப்பில் மண்டியிட்டு அழுதாள். "புள்ள தங்கும், போ" என்றது குரல். அவள் போனதும், "அம்மா, அவ எம்பூட்டுத் தூரத்துல இருந்தா? அளந்து பாரும்மா" என்றாள் மகள். அளந்தேன். கம்புக்கு மேல் ஒரு சாண். "நெசமாவா?" "நெசம்டி." மறுபடி மறுபடி கேட்டாள். நான் பொய்க்காரி என்பது அவளுக்குத் தெரியுமே.

பேத்தியை என்ன செய்வது? ஒரு நாளில் இருபது தடவை உள்ளே ஓடுவாள். மகள் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டு, "வராதடி செல்லம், வராத" என்று கெஞ்சுவாள். நான் கம்பை நீட்டுவேன். முதலில் கம்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பிறகு சிணுங்கினாள். எட்டாம் நாள் நான் கம்பை எடுப்பதற்கு முன்னாலேயே தானாக நின்றாள்.

பதினோராம் நாள் காலை மகள் குளித்து, தலைவாரி, இஸ்தோப்புக்கு வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். "வாடி." பிள்ளை நின்றது. கம்பு தரையில்கூட இல்லை, கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. ஆனாலும் சரியாக அந்த ஆறடியில் நின்று தாயையே பார்த்தது. "வாடி, இனி ஒண்ணுமில்ல, வா." வரவில்லை. மகள் அழவில்லை. எழுந்துபோய்க் கம்பை எடுத்து வந்தாள். ஒரு முனையைத் தான் பிடித்து மறு முனையைப் பிள்ளையிடம் நீட்டினாள். பிள்ளை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் பிஞ்சுக் கை பாதிக் கம்பு வரை வந்தது. மடிக்கு வர இன்னும் மூன்று நாள் ஆனது.

அடுத்த பொங்கலுக்கு மகள் இல்லை. கட்டியின் மிச்சம் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள். கர்ப்பிணிக்குப் பெண் பிள்ளை தங்கியது, இப்போது லயம் முழுக்கக் குதித்துத் திரிகிறது. "ஒங்க வீட்டு ஆத்தா குடுத்தது" என்று அவள் இன்றும் சொல்வாள். அவளிடம் நான் உண்மையைச் சொன்னதில்லை. அந்த ஆத்தாளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

பேத்தி இப்போது ஒன்பதாம் வகுப்பு. தாயின் முகம் போட்டோவில் இருப்பதுதான் தெரியும். சுவரில் இருந்த கரி வட்டத்தின் மேல் நானே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். போன வாரம் இஸ்தோப்பில் கதவை ஒட்டி உட்கார்ந்து அவள் அதே வட்டத்தைப் பள்ளிக்கூடக் கொப்பியில் போட்டாள். நடுவில் புள்ளி. புள்ளியையும் வட்டத்தையும் விரலால் தொட்டேன்.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல என்னாடி இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமே இல்ல அம்மாயி. வெறும் எடம்."

"ஒரு கம்பு இருக்குடி."

விழுந்து விழுந்து சிரித்தாள். "மூணாம் வகுப்போட நின்னவங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாரு" என்றாள். சிரித்தபடியே கதவில் சாய்ந்ததில் அது ஆடி, பின்னால் இருந்த கம்பு அவள் பக்கம் சரிந்தது. அது தரையில் விழும் முன், பார்க்காமலே, அதன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.